இரண்டு முனையிலும் ஆள் நிற்கும் இன்ஜின்

"இருநூறு வார்த்தைக்குள்ள வேணும்ணே" என்று ரியாஸ் போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னை இருநூறு வார்த்தைக்குள் நிறுத்த என் மனைவியாலேயே இத்தனை வருஷமாக முடியவில்லை.

ரியாஸ், ஷார்ஜாவில் நான் கடைசியாக வேலை பார்த்த பாய்லர் பட்டறையில் இப்போது போர்மேன். எங்கள் அர்பாப், அதாவது முதலாளி, தைத் என்ற ஊருக்குப் போகும் சாலையில் பழைய வண்டிகளுக்கென்று ஒரு மியூசியம் கட்டியிருக்கிறார். அங்கே நிற்கும் நீராவி இன்ஜினும் இவன் பொறுப்பில்தான். அந்த இன்ஜினுக்கு இனி நெருப்பு போடப் போவதில்லையாம். அடியில் பேட்டரி மோட்டார் மாட்டி, புகைபோக்கிக்குள் புகை மிஷின் வைத்து, லீவு நாட்களில் குழந்தைகளை ஏற்றி ஓட்டப் போகிறார்கள். பக்கத்தில் வைக்க ஒரு வரலாற்றுப் பலகை வேண்டும். இன்ஜினைக் கட்டியவர்களில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். துபாய் கராமாவில் மகள் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து பஸ் எண்ணிக்கொண்டிருக்கும் நான்தான் கைக்குக் கிடைத்தேன்.

உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று இன்ஜினின் பழைய லாக் புத்தகத்தின், அதாவது தினக் குறிப்பேட்டின், பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பினான். அதில் ஒரு பக்கம், திறப்பு விழா அன்றைய பக்கம். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. பலகையில் அடங்காததை இங்கே எழுதித் தீர்த்துவிடுகிறேன்.

என் ஆரம்பம் விழுப்புரம் பக்கம் ஒரு லோகோ ஷெட். ஆறேழு வருஷம் தற்காலிக ஃபயர்மேன். கரி அள்ளிப் போட்டேன், சாம்பல் வாரினேன், டிரைவர்களிடம் திட்டு வாங்கினேன். நிரந்தரம் ஆகும் ஆகும் என்று இருந்தபோது நீராவி வண்டிகளையே நிறுத்திவிட்டார்கள். நெருப்பு போடத் தெரிந்தவனுக்கு ஊரில் வேலை இல்லை. ஷார்ஜாவில் இருந்தது. லாண்டரி பாய்லர், ஹோட்டல் பாய்லர், சிமெண்ட் கம்பெனி பாய்லர் என்று இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பாய்லர் எங்கே நின்றாலும் பாய்லர்தான்.

அப்புறம்தான் அர்பாபுக்கு அந்த ஆசை வந்தது. இங்கிலாந்தின் வடக்கே, நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து துறைமுகம் வரை கரி இழுப்பதற்கென்றே ஒரு காலத்தில் செய்த சரக்கு இன்ஜின் வகை ஒன்று. ரயில் என்பதே உலகத்துக்குப் புதிதாக இருந்த காலம். குதிரை போதுமா, இன்ஜின் வேண்டுமா என்று பெரிய மனிதர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, ஆறு சக்கரத்தையும் ஒன்றாகப் பிணைத்துக்கொண்டு, மெதுவாக, ஆனால் விடாமல் இழுத்த இன்ஜின்கள். அந்த வகையில் ஒன்றை அளவு பிசகாமல் அப்படியே செய்து, நிஜ நெருப்பில் ஓட்ட வேண்டும் என்றார். தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்த அவருடைய அப்பா, சின்ன வயதில் கப்பலில் கரி சுமந்தவராம். அவர் கையால் ரிப்பன் வெட்டித் திறக்க வேண்டும் என்பது மகனுடைய கனவு.

வரைபடத்தை விரித்தபோது எனக்குத் தலை சுற்றியது. ஊரில் நான் பார்த்த இன்ஜினில் டிரைவரும் ஃபயர்மேனும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்பார்கள். இதில் டிரைவர் ஒரு முனை, ஃபயர்மேன் மறுமுனை. காரணம் உள்ளே போகும் குழாய். நெருப்பு எரியும் பெரிய குழாய் பாய்லருக்குள் கடைசி வரை போய், அங்கே வளைந்து, புறப்பட்ட பக்கமே திரும்பி வந்து புகைபோக்கியில் ஏறும். ஆகவே நெருப்பு வாயும் புகைபோக்கியும் ஒரே பக்கம். ஃபயர்மேன் அங்கே. சிலிண்டரும் கைப்பிடிகளும் எதிர்ப்பக்கம். டிரைவர் அங்கே. கரி வைக்க இந்தப் பக்கம் ஒரு டெண்டர், அதாவது ஒட்டு வண்டி, தண்ணீர் வைக்க அந்தப் பக்கம் ஒரு டெண்டர். பட்டறையில் எல்லோரும் ஒன்றைப் பெரிய வீடு என்றும் மற்றதைச் சின்ன வீடு என்றும்தான் சொல்வோம். எது எது என்று தினமும் சண்டை வரும்.

இந்த வேலைக்கு எங்களுக்குத் தலைவராக வந்தவர் சிவபாலன் சார். யாழ்ப்பாணத்துக்காரர், பாய்லர் இன்ஸ்பெக்டர், அறுபதைத் தாண்டியவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அவரைப் போல் ஒரு மனிதரைப் படுத்தி எடுக்க இன்னொருவரால் முடியாது. தன் கையால் தொடாத எதற்கும் கையெழுத்துப் போட மாட்டார். பிரஷர் கேஜ் விற்ற கம்பெனி, சோதித்துவிட்டோம் என்று சான்றிதழோடு அனுப்பியது. அவர் அந்தக் காகிதத்தை மடித்து மேஜைக் காலுக்கு அடியில் வைத்தார், மேஜை ஆடிக்கொண்டிருந்தது. பிறகு கேஜை எங்கள் பெஞ்சில் மாட்டி, எங்களை வைத்து முதலிலிருந்து சோதித்தார். சரியாகத்தான் இருந்தது. "இப்ப எனக்குத் தெரியும். முதல்ல அவைக்குத்தான் தெரிஞ்சது" என்றார்.

பாய்லரைக் குளிர்ந்த தண்ணீரால் நிரப்பி, வேலை அழுத்தத்துக்கு மேல் ஏற்றிச் சோதித்த நாளை மறக்க முடியாது. ஜூலை மாத ஷார்ஜா, பட்டறைக் கூரை கொதிக்கிறது. சார் ஒரு கையில் டார்ச், மறு கையில் டிஷ்யூ பேப்பர் பெட்டி. ஒவ்வொரு ரிவெட்டின் மேலும் ஒரு டிஷ்யூவை ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார். ஈரம் தெரிந்தால் சாக்பீஸில் ஒரு வட்டம். காலையில் ஆரம்பித்தவர் மதியம் கடந்தும் முடிக்கவில்லை. ஒரு வட்டத்தைக் காட்டி நான், "சார், அது என் வேர்வை" என்றேன். "அப்ப துடைச்சுப்போட்டுத் திரும்ப ஒற்றும்" என்றார். ஒற்றினேன். வேர்வைதான். அவர் வட்டத்தை அழித்தார், மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

முதன்முதலாக நெருப்பு போட்ட நாள், எல்லோரையும் இன்ஜின் பக்கத்தில் நிற்க வைத்துப் பேசினார். இந்த இன்ஜினின் பழங்கதையெல்லாம் சொன்னார். அந்தக் காலத்தில் பாய்லர் வெடித்து எத்தனையோ பேர் போனார்கள் என்றார். பெரும்பாலும் காரணம் தண்ணீர். நெருப்புக் குழாயின் மேல் எப்போதும் தண்ணீர் மூடியிருக்க வேண்டும். அது இறங்கினால் இரும்பு பழுக்கும், பழுத்தால் பிய்யும். எவ்வளவு இருக்கிறது என்று ஃபயர்மேன் பக்கத்துக் கண்ணாடிக் குழாயில் தெரியும். இந்த இன்ஜினில் பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் பம்பைச் சக்கரம்தான் இயக்குகிறது. வண்டி ஓடினால்தான் தண்ணீர் ஏறும், நின்றால் ஏறாது. இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியில், "தண்ணி முதல், மற்றதெல்லாம் பிறகு. கண்ணாடியில தண்ணி இறங்கினா என்னைத் தேடாதேயும். அர்பாபையும் தேடாதேயும். தண்ணிக்கு என்ன செய்யோணுமோ அதைச் செய்யும்" என்றார். சாப்பாட்டு நேரம், பசி. நான் பலமாகத் தலையாட்டினேன். நீ எனக்குத் தண்ணீரைப் பற்றிச் சொல்லித் தருகிறாயா என்று உள்ளுக்குள் ஒரு திமிர் வேறு.

அந்தத் திமிர் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஊரில் எங்கள் இன்ஜின்களில் இன்ஜெக்டர் உண்டு. ஒரு வால்வைத் திறந்தால் போதும், வண்டி நின்றுகொண்டிருந்தாலும் ஸ்டீமே தண்ணீரை உள்ளே தள்ளிவிடும். அதனால் எங்கள் ஷெட் ஆட்களுக்கு ஒரு பழக்கம். பெரிய ஆள் யாராவது வருகிறார் என்றால் நெருப்பைக் குவித்துப் போட்டு, சேஃப்டி வால்வு சீறச் சீற நிற்போம். அதுதான் எங்கள் மரியாதை. வால்வு சீறாமல் அதிகாரி முன்னால் நின்ற ஃபயர்மேனை மற்றவர்கள் ஒரு வாரம் கிண்டல் செய்வார்கள்.

டிரைவர் பஷீர் பாய். நாகூர் பக்கத்துக்காரர், எங்கள் யார்டில் கிரேன் ஓட்டியவர். கை அவ்வளவு பதமான கை. கிரேன்காரர்களுக்கு ஒரு சட்டம் உண்டு, கீழே நின்று சைகை காட்டுகிற ஒரே ஒரு ஆள் சொன்னால்தான் கொக்கி அசையும், வேறு யார் கத்தினாலும் அசையாது. இங்கே அந்த ஒரே ஆள் சிவபாலன் சார். அவர் பச்சைக் கொடி காட்டாமல் பஷீர் பாய் கைப்பிடியைத் தொட மாட்டார். எனக்கும் அவருக்கும் நடுவில் அவ்வளவு பெரிய பாய்லர், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. பேசிக்கொள்ள பாய்லர் ஓரமாக ஒரு கயிறு, இரண்டு முனையிலும் மணி. மூன்று தரம் இழுத்தால் தண்ணீரைப் பார் என்று அர்த்தம். அவசரத்துக்குப் பஷீர் பாய் பக்கத்து டெண்டரில் ஒரு கைப் பம்பும் உண்டு. அசல் இன்ஜினில் இது கிடையாது என்று அர்பாப் முகம் சுளித்தார். இது இல்லாவிட்டால் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சார் சொல்லிவிட்டார்.

விழா நாள் வந்தது. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் அர்பாபின் அப்பா, பெரியவர், வருவார் என்றார்கள். தண்டவாளத்தின் குறுக்கே ரிப்பன், அதைத் தாண்டித் தண்டவாளத்தின் மேலேயே விரித்த ஒரு சிவப்புக் கம்பளம். பின்பக்கம் மேடை. ஆட்கள் இருபுறமும் தடுப்புக் கயிற்றுக்கு வெளியே. விழா நடத்த வந்த கம்பெனிக்காரர்கள் காலையிலிருந்தே இன்ஜினைச் சுற்றிச் சுற்றி வந்து அலங்காரம் செய்தார்கள். நான் என் வேலையைப் பார்த்தேன். என் வேலை என்ன? பெரிய மனிதர் வருகிறார், நெருப்பைக் குவித்தேன். ஷெட் புத்தி. இருபத்தைந்து வருஷம் கழித்து ஒரு கூட்டத்தின் முன்னால் ஃபயர்மேனாக நிற்கிறேன், மனைவி பிள்ளைகள் வேறு பார்க்க வந்திருக்கிறார்கள். ஷவலுக்கு மேல் ஷவல் போட்டேன். வால்வு சீற ஆரம்பித்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

பெரியவர் வரவில்லை. வயதானவர், கார் ஏறி இறங்கவே நேரம் ஆகுமே. சிவபாலன் சாரை, வாசலில் நின்று பெரியவருக்கு இன்ஜினைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அர்பாப் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வால்வு சீறிக்கொண்டே இருந்தது. சீறுவது என்றால் தண்ணீர்தான் ஆவியாகிப் போகிறது. கண்ணாடியைப் பார்த்தேன், பாதி. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன், கால். என் கை தானாக இன்ஜெக்டர் வால்வைத் தேடி வலது பக்கம் போனது. அங்கே ஒன்றுமில்லை. வெறும் தகடு. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நெருப்பைத் தணிக்கக் காற்றுக் கதவை மூடினேன். அவ்வளவு கரி உள்ளே பழுத்துக் கிடக்கும்போது அது எந்த மூலைக்கு? வாரி வெளியே கொட்டலாம் என்றால் அரை மணி நேரமாவது ஆகும், பக்கத்திலேயே ஜனம். மணிக்கயிற்றை மூன்று தரம் இழுத்தேன். அசையவில்லை. அலங்காரக்காரர்கள் பூச்சரத்தைக் கயிற்றோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். சாருக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. அதற்குள் கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லை. நெருப்புக் குழாயின் தலையில் ஒரு ஈயத் திருகு வைத்திருந்தோம். தண்ணீர் தீர்ந்தால் அது உருகி, கொதிக்கும் ஆவி நெருப்பின் மேல் இறங்கி அணைத்துவிடும். கூடவே நெருப்பு வாய் வழியாக வெளியேயும் பாயும். அந்த வாய்க்கு முன்னால் நிற்பவன் நான். எனக்கு மூன்றடி தள்ளித் தடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களில் என் சின்ன மகளும் ஒருத்தி.

இறங்கி ஓடினேன். பாய்லர் நீளத்துக்கும் ஓடி மறுமுனைக்குப் போனேன்.

"பாய், தண்ணி இல்ல. கைப் பம்ப் அடிங்க."

பஷீர் பாய் குனிந்து தேடினார். "கைப்பிடிய காணோம்ணே. போட்டோவுக்கு நீட்டிக்கிட்டு நிக்குதுன்னு காலையில அந்தப் பசங்க என்னமோ கழட்டுனானுவொ, இதுதான் போல."

"அப்ப வண்டிய எடுங்க. ஓடுனாத்தான் பம்ப் இழுக்கும்."

"சார் கொடி காட்டலியே."

"எடுங்க பாய்."

"அண்ணே, சார் சொல்லாம நான் எடுக்க மாட்டேன். எம்மேல கோவப்படாதிய."

அவர் மேல் தப்பில்லை. அந்தச் சட்டத்தில்தான் இருபது வருஷமாக ஒரு உயிர்கூடப் போகாமல் கிரேன் ஓட்டியிருக்கிறார். விளக்கிச் சொல்ல நேரமில்லை. நான் அவர் கண்ணைப் பார்த்துப் பொய் சொன்னேன்.

"சார் சொல்லிட்டார். இப்பதான் போன்ல சொன்னார். எடுங்க."

எடுத்தார். நான் கத்திக்கொண்டே முன்னால் ஓடி, தண்டவாளத்தை ஒட்டி நின்றவர்களை விலக்கிவிட்டு, என் பக்கத்தில் தொற்றி ஏறினேன். ரிப்பன் அறுந்து புகைபோக்கியில் சுற்றிக்கொண்டது. கம்பளத்தின் மேல் சக்கரம் ஏறியது, விழுந்த கங்குகளால் அங்கங்கே ஓட்டை. ஜனங்கள் இதுதான் நிகழ்ச்சி என்று நினைத்து விசிலடித்தார்கள். பாதையின் கடைசி வரை போய்த் திரும்பி வருவதற்குள் கண்ணாடியின் அடியில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. கரி டெண்டரின் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பெரியவர் அப்போதுதான் சக்கர நாற்காலியில் உள்ளே வந்தாராம். எதிரே புகை விட்டுக்கொண்டு வந்த இன்ஜினைப் பார்த்துக் குழந்தை மாதிரி சிரித்தாராம். ஆனால் வெட்ட ரிப்பன் இல்லை. அர்பாப் முகம் இறுகிவிட்டது. அப்பாவின் கையால் திறக்க வேண்டும் என்று மூன்று வருஷம் காத்திருந்த மனிதர், அவரைக் குறை சொல்ல முடியாது. சிவபாலன் சார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராகக் கண்ணாடிக்குப் போய், அதன் பக்கத்துச் சோதனைக் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடித் தண்ணீர் மட்டத்தைப் பார்த்தார். நெருப்பு வாயைத் திறந்து உள்ளே கிடந்த கரிக் குவியலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு பஷீர் பாயிடம் போய் இரண்டு வார்த்தை பேசினார். அதற்குள் அர்பாப் கூப்பிட்டனுப்ப, விழாக் கூடாரத்துக்குள் போனார்.

கூடாரத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. என் சீட்டைக் கிழிக்கப் போகிறார்கள் என்று அன்று முழுக்கக் காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. மறுநாள் வேலைக்குப் போனேன், வேலை இருந்தது. இரண்டு மாதம் கழித்து சாருடைய காண்டிராக்ட் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. "மகன் கனடாவுக்கு வரச் சொல்லி நிக்கிறான்" என்றார். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. ஏர்போர்ட்டுக்குப் போய் வழியனுப்பியபோதுகூட, பஷீர் பாயிடம் நான் சொன்ன பொய்யை அவரிடம் சொல்லவில்லை.

ரியாஸ் அனுப்பிய பக்கத்தில் அவருடைய சின்னச் சின்ன எழுத்தில் இப்படி இருக்கிறது: நீர் மட்டம் கண்ணாடிக்குக் கீழே. கைப் பம்பின் கைப்பிடி இல்லை. வண்டி என் உத்தரவின் பேரில் எடுக்கப்பட்டது. கீழே கையெழுத்து.

தொடாத ரிவெட்டுக்குக் கையெழுத்துப் போடாத மனிதர். கொடுக்காத உத்தரவைக் கொடுத்ததாக எழுதி, அதற்குக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். என் பொய்யை எடுத்துத் தன் பொய்யாக்கிக்கொண்டு, என் வேலைக்குப் பதில் தன் வேலையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் வேலை பார்த்து, மாலை மரியாதையோடு ரிட்டையர் ஆனேன்.

மூன்று நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டு, நேற்று சாயங்காலம் கனடாவுக்குப் போன் போட்டேன். அங்கே காலை. குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது, மற்றபடி அதே சார்.

"ஓம், சந்தானம். சொல்லும்."

நெருப்பை நான் குவித்தது, பஷீர் பாயிடம் உங்கள் பேரைச் சொல்லி ஏமாற்றியது, ஏர்போர்ட்டில் வாயை மூடிக்கொண்டு நின்றது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நடுவில் அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

"கரியைக் கண்டனான். அது உம்மட பிழை. நல்ல பெரிய பிழை" என்றார்.

"ஆமா சார்."

"மற்றது பிழையில்லை."

"சார், நீங்க சொல்லாத உத்தரவ நீங்க சொன்னதா எழுதிட்டீங்களே. உங்க கையால பொய் எழுத வச்சிட்டேனே சார்."

சாருக்கு நான் சொல்வதே புரியவில்லை போல.

"என்ன கதை கதைக்கிறீர்? நான் பொய் எழுதேல்லை. முதல் நாள் நெருப்பு போடேக்க எல்லாரையும் நிப்பாட்டி வைச்சுச் சொன்னனான் தானே, தண்ணி இறங்கினா என்னைத் தேடாதேயும், செய்யவேண்டியதைச் செய்யும் எண்டு. அது உத்தரவு இல்லாம வேற என்ன? நீர் தலையாட்டினதையும் கண்டனான்." பிறகு, "அர்பாபுக்கும் அதைத்தான் சொன்னனான்" என்றார்.

அவரே பேச்சை மாற்றி, பஷீர் எப்படி இருக்கிறார், உம்மட மகள் என்ன செய்யிறா என்று விசாரித்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த மகள் வீட்டிலிருந்துதான் பேசுகிறேன் என்றேன். "நல்லது" என்றார்.

இன்று காலை பலகைக்கு எழுதி முடித்தேன். கரி இழுத்த கதை, வளைந்து திரும்பும் குழாய், இரண்டு முனை, இரண்டு டெண்டர், ஓடினால் மட்டும் இழுக்கும் பம்ப். இருநூறு வார்த்தைக்குள் அடக்கியும்விட்டேன், மனைவி நம்பவில்லை. ரியாஸ் படித்துவிட்டு உடனே கூப்பிட்டான்.

"எல்லாம் சரிண்ணே. ஆனா ரிப்பன் வெட்டுறதுக்கு முன்னாடி வண்டி ஏன் கிளம்புச்சுன்னு எல்லாரும் கேக்குறாங்க. அதப் போடலியே?"

"கடைசி வரியில போட்டிருக்கேன், படி" என்றேன்.

அவன் போனிலேயே சத்தமாகப் படித்தான். "இந்த இன்ஜினின் முதல் ஓட்டம், பாய்லர் இன்ஸ்பெக்டர் சிவபாலன் அவர்களின் உத்தரவின் பேரில்."